ஒவ்வோர் அழைப்பும் முதல் அழைப்பா? மாநகராட்சிக்கும் மாநகரக் காவல் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மேயர், மாமன்ற உறுப்பினர்கள், மாநகராட்சி ஆணையர், மாநகரக் காவல் ஆணையர் ஆகியோருக்கு,

குடியிருப்புப் பகுதிகளில் இயங்கும் விழாக் கூடங்களின் இரைச்சலைப் பற்றி எங்கள் வட்ட உறுப்பினர் சென்ற மாதம் மாமன்றத்தில் எழுப்பிய கோரிக்கை, "இது காவல் துறை பார்த்துக்கொள்ள வேண்டியது, பொதுமக்கள் 100க்கு அழைக்கலாம்" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடித்துவைக்கப்பட்டது. அந்தப் பதில்தான் இந்த மடலை எழுதவைத்தது. 100க்கு அழைக்கத் தெரியாமல் நாங்கள் உங்களிடம் வரவில்லை. அழைத்து அழைத்து ஓய்ந்த பிறகே வந்தோம். சென்ற ஆண்டு ஜனவரியிலிருந்து இந்த ஆண்டு பிப்ரவரி முடிய, பதினான்கு மாதங்களில், ஒரே கட்டடத்தைப் பற்றி நான் ஒருவன் மட்டும் 37 முறை அழைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தேதியோடும் நேரத்தோடும் ஒரு நோட்டில் இருக்கிறது.

நான் சரக்கு ரயில் ஓட்டும் லோகோ பைலட். எத்தனை மணிக்குப் பணியில் ஏறினோம், எந்த நிலையத்தை எப்போது கடந்தோம், எந்தச் சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று குறித்துவைப்பது இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கையில் ஊறிய பழக்கம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வண்டி ஓட்டித் தலைமையிடம், அதாவது எங்கள் சொந்தப் பணியிடம், திரும்பினால் 16 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது எங்கள் விதி. அவ்வப்போது கிடைக்கும் நீண்ட ஓய்வில் ஒரு முழு இரவு அடங்கியிருக்க வேண்டும் என்பதும் விதி. ஓய்வை ரயில்வே கணக்குப் பிசகாமல் கொடுத்துவிடும். தூக்கத்தை நான் என் வீட்டில்தான் தேடிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்கும் நான் சொல்லும் கட்டடத்துக்கும் இடையே இருப்பது இருபதடித் தெரு.

எஞ்சினில் விழிப்புக் கண்காணிப்புக் கருவி என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓட்டுநர் எந்தக் கைப்பிடியையும் அசைக்காமல், ஹாரனும் அடிக்காமல் இருந்துவிட்டால் முதலில் ஒரு விளக்கு மின்னும், அடுத்துப் பஸ்ஸர் அலறும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். சென்ற ஆவணியில் ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் விடியலில், அந்த விளக்கு மின்னிய பிறகுதான் நான் கையை நீட்டிப் பித்தானை அழுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை லோகோ பைலட் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து தேநீரை ஊற்றி நீட்டினார். எங்கள் பின்னால் 58 வேகன் நிலக்கரி வந்துகொண்டிருந்தது.

முந்தைய இரவு என்ன நடந்தது என்பதை நோட்டில் உள்ளபடியே சொல்கிறேன். எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தளம் வாகனம் நிறுத்துமிடம். மேலே இரண்டு தளங்கள் விழாக் கூடம். அதற்கும் மேலே மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, நாலு பக்கமும் திறந்துவிட்ட 'பார்ட்டி ஹால்'. அன்று திருமண வரவேற்பு. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய டி.ஜே. பத்து மணிக்கு நிற்கவில்லை. எனக்கு இரவு இரண்டு மணிக்கு ரயில்வேயின் பணி அழைப்பு, நான்கு மணிக்குப் பணி. கட்டிலருகே முக்காலியில் வைத்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் தளர்ந்திருந்த ஒரு திருகாணி ஒவ்வொரு அடிக்கும் 'விர்' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 10.40க்கு அழைத்தேன். 11.15க்கு ரோந்து வண்டி வந்தது. ஒலி அடங்கியது. மேலாளர் வாசலுக்கு வந்து கும்பிட்டார், தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீம் கப்பும் கொடுத்தார், காவலர்கள் ஏதோ சொன்னார்கள், அவர் தலையாட்டினார். 11.27க்கு வண்டி தெருமுனை டீக்கடையைத் திரும்பியது. 11.29க்கு மைக்கில் ஒரு குரல், "போலீஸ் அண்ணன்களுக்கு நன்றி, இப்போ நம்ம பார்ட்டி ஸ்டார்ட்" என்றது. மாடி முழுக்கச் சிரிப்பு. மறுபடி 11.40க்கு அழைத்தேன். கட்டுப்பாட்டறையில் பேசியவர் பணிவாகத்தான் பேசினார்: "வண்டி வந்து பார்த்துட்டு, சரி பண்ணிட்டதா பதிவாகியிருக்கே சார்." பாட்டு ஓய்ந்தது 12.50க்கு. அதன்பின் பந்தல்காரர்கள் இரும்புக் குழாய்களைக் கழற்றி லாரியில் எறிந்தார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த 37 அழைப்புகளில் 24 முறை வண்டி வந்தது. 24 முறையும் ஒலி குறைந்தது. அவற்றில் 17 முறை அரை மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கே ஏறியது. இரண்டு முறை நிலையத்துக்கு நேரில் போய் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். வழக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு தடவை ரோந்துக்கு வந்தவர் மண்டப வாசலில் நின்றபடியே என் கைப்பேசிக்கு அழைத்து, "எந்த வீடு சார், கொஞ்சம் வெளியே வாங்க" என்றார். மேலாளரும் நாலைந்து இளைஞர்களும் பார்க்க நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எந்த விழாவானாலும் என் வீட்டு கேட்டை அடைத்தாற்போல் இரண்டு கார்கள் நிற்கும். விடியலில் பணிக்குக் கிளம்பும் நான் வண்டிக்காரர் யாரென்று மண்டபத்துக்குள் போய்த் தேட வேண்டும்.

காவலர்கள்மேல் பழி போடுவது என் நோக்கமன்று. நிலைய எல்லை முழுவதற்கும் இரவில் ஒன்றிரண்டு ரோந்து வண்டிகள். விபத்து, அடிதடி, காணாமற்போன பிள்ளை, பூட்டிய வீட்டில் திருட்டு என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர்கள் அவர்களே. வரவேற்பு நடக்கும் இடத்தில் மணமக்கள் மேடையில் நிற்கும்போது, இரண்டு காவலர்கள் ஏறிப்போய் ஒலிப்பெட்டியைக் கைப்பற்றினால் அது சண்டையாகும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆகவேதான் சொல்கிறேன்: நடு இரவில் அந்த இருவரால் தீர்க்க முடியாத ஒன்றை, பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்து நீங்கள் தீர்க்க முடியும்.

ஒரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். என் அக்கா மகளின் காதுகுத்துக்கு, விடியற்காலை ஐந்து மணிக்கே வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஊரில் விசேஷம் என்றால் ஊருக்கே கேட்க வேண்டும் என்பது நாம் வளர்ந்த முறை. சத்தமில்லாத கல்யாண வீட்டைப் பார்த்து, என்ன குறையோ என்று பேசுவார்கள். ஆனால் அந்த மைக் செட் வீட்டுக்கு வீடு மாறி மாறி வந்தது. நம் வீட்டு விசேஷத்தைப் பக்கத்து வீட்டார் பொறுத்தார்கள், அவர்கள் வீட்டு விசேஷத்தை நாம் பொறுத்தோம். ஆண்டில் ஒரு நாளோ இரண்டு நாளோ. வாடகைக்கு விடும் கூடம் வந்த பிறகு அந்தப் பொறுமை ஒருவழிப் பாதையாகிவிட்டது. கொண்டாடுகிறவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது, மறுநாள் காலையில் அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று அதே தெரு மட்டும் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் மைய அரசு கொண்டுவந்த இரைச்சல் மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியின் ஒலி வரம்பு 45 டெசிபல், பகலில் 55. ஒலிபெருக்கிக்கு எழுத்து வடிவில் முன் அனுமதி வேண்டும். இரவு நேரத்தில் மூடிய அரங்குகளுக்குள்ளும் பொது அவசரநிலையின்போதும் தவிர அதைப் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை நீட்டிப்புத் தரலாம்; அதுவும் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேல் போகக் கூடாது. தனியார் இடத்து ஒலிக்கருவியின் ஒலி, அந்த இடத்தின் எல்லையில், வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. எதிர்க் கட்டடத்தின் உரிமையாளரிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, "விருந்து மண்டபத்துக்கு விலக்கு இருக்கு சார், வக்கீலைக் கேட்டாச்சு" என்றார். விலக்கு உண்டுதான், மூடிய கூடத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக. நாலு பக்கமும் சுவரே இல்லாத மொட்டை மாடியை எந்த வக்கீல் மூடிய கூடம் என்றார் என்று தெரியவில்லை.

உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று வழங்கிய தீர்ப்பை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அந்த வழக்கின் தொடக்கம் 1998 ஜனவரியில் நாளிதழ்களில் வந்த ஒரு செய்தி. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி உதவி கேட்டு எழுப்பிய கூக்குரல், அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருந்த இசையில் மூழ்கி, யார் காதிலும் விழாமல் போனது. அன்று மாலையே அந்தச் சிறுமி தனக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனார். அமைதியாக வாழ்வது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றும், ஒலிபெருக்கி வைத்து இரைச்சல் எழுப்புவதைப் பேச்சுரிமையாகக் கோர முடியாது என்றும் தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையிலான அமர்வு கூறியது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 2000 ஆகஸ்டில், சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியின் குடியிருப்போர் சங்கம் கொண்டுபோன வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இறைவழிபாட்டுக்கே இல்லாத உரிமை டி.ஜே.க்கு எங்கிருந்து வந்தது?

அளவுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகார் கொடுக்கும்போதெல்லாம், "டெசிபல் மீட்டர் வைத்து அளந்தால்தான் ஏதாவது செய்ய முடியும், எங்களிடம் மீட்டர் இல்லை" என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன். 2010இல் திருத்தப்பட்ட 7ஆம் விதியின்படி, இரவு நேரக் கட்டுப்பாடு மீறப்பட்டாலே புகார் தரலாம். ஒலி எத்தனை டெசிபல் என்று நிறுவ வேண்டிய கட்டாயமில்லை. திறந்த மாடியில் இரவு 11 மணிக்கு ஒலிபெருக்கி பாடுகிறதா என்று அறியக் காதும் கடிகாரமும் போதும். இன்னொன்று, எங்களைத் தூங்கவிடாதது பாட்டின் வரிகளோ பாடகரின் குரலோ அல்ல. ஆளுயரத்துக்கு அடுக்கிவைத்த சப்-ஊஃபர் பெட்டிகளிலிருந்து வரும் தாழ்ந்த அதிர்வு. கதவையும் ஜன்னலையும் சாத்தினால் குரல் அடங்கும். அதிர்வு சுவர் வழியே வந்துவிடும். விதிகளில் உள்ள டெசிபல் 'ஏ' வகை அளவுகோலில் எடுக்கப்படுவது. அது மனிதக் காதின் இயல்பை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே மதிப்பிடும். 63 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த ஒலி அதில் ஏறத்தாழ 26 டெசிபல் குறைந்து பதிவாகும். ஆகவே மீட்டர் வந்து அளந்தாலும் என் டம்ளர் நடுங்குவது அதில் முழுதாகத் தெரியப்போவதில்லை. நாளை நீங்கள் இதற்கென ஒரு துணைவிதி, அதாவது மாமன்றம் இயற்றும் உள்ளூர் விதி, எழுதும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்ததன் மையத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கடந்த இரண்டு ஆண்டுகளில் அவசர எண்ணுக்கு வந்த இரைச்சல் புகார்கள் எத்தனை, வண்டி போனது எத்தனை முறை, எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டேன். "அழைப்புகள் முகவரி வாரியாகப் பராமரிக்கப்படுவதில்லை" என்று பதில் வந்தது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி நான் பெற்ற அந்த ஒரு வரி, பதினான்கு மாத நோட்டைவிட அதிகம் சொல்கிறது. 37ஆம் தடவை அழைத்தபோதும் கட்டுப்பாட்டறையின் திரையில் அது முதல் அழைப்பாகவே விழுந்திருக்கிறது. வண்டி போகிறது, ஒலி குறைகிறது, புகார் முடிந்ததாகக் குறிக்கப்படுகிறது, கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குகிறது. மண்டப மேலாளருக்கு இது மிக நன்றாகத் தெரியும்; ஆகவேதான் அவருக்கு ஐஸ்கிரீம் கப்புக்கு மேல் செலவு வைப்பதில்லை. எங்கள் தொழிலில் ஒரு ஓட்டுநர் சிவப்பு சிக்னலை ஒரே ஒருமுறை தாண்டிவிட்டால் அது அவருடைய பணிப்பதிவில் ஏறும், விசாரணை வரும், வேலையே போகலாம். ஓட்டுநருக்கு உள்ள அந்தப் பதிவேடு கட்டடத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

தண்டனைச் சட்டங்களை மட்டும் நம்பியும் பயனில்லை. பொதுத் தொல்லைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். அந்த மண்டபத்தில் அலங்கார வாசலுக்குப் போடும் பூவுக்கே அதைவிட அதிகம் ஆகும். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தில், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தண்டத்தொகை 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை போகலாம். ஆனால் அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று கொசுக்கடி, மற்றது ஒரு தெருவாசியால் எட்டிப்பிடிக்க முடியாத உயரம். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய படிகளைக் கட்டுவது உள்ளாட்சியின் வேலை என்பது என் கருத்து.

அப்படிப் படிகள் கட்டிய ஊர்கள் இருக்கின்றன. என் அண்ணன் மகன் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் படித்தவன். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் மாணவர்களின் இரவு விருந்துகளுக்குக் காவல் துறை திரும்பத் திரும்ப ஓட வேண்டியிருந்ததால், அந்த நகரம் ஒரு வழி கண்டது. காவலர் வந்து விதிமீறலை உறுதிசெய்தால் வீட்டுக் கதவில் ஒரு சிவப்பு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போவார்; பல மாதங்களுக்கு அதைக் கிழிக்கக் கூடாது; அந்தக் காலத்துக்குள் மறுபடியும் விருந்து எல்லை மீறினால் அபராதம் கூடும்; தகவல் தெரிந்தும் தடுக்காத வீட்டு உரிமையாளரும் பொறுப்பாவார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரிலும் இதே போக்கில், முதல் வருகைக்கு அறிவிப்பு, அடுத்த வருகைக்குத் தண்டம் என்ற விதி உண்டு. காவல் துறையின் இரண்டாம் வருகைக்கு ஆகும் செலவை விருந்து வைத்தவரிடமோ இடத்துக்காரரிடமோ வசூலிக்கும் ஊர்களும் அந்த நாட்டில் பல. என் அண்ணன் மகன் குடியிருந்த வீட்டின் கதவிலும் ஒருமுறை அந்தச் சிவப்புத் தாள் ஒட்டப்பட்டதாம்; அதை அவன் எங்களிடம் சொன்னது படிப்பு முடிந்து நான்கு ஆண்டு கழித்து.

அங்கே நடந்த ஒரு தவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் நாரிஸ்டவுன் என்ற ஊரில், குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு வீட்டுக்குக் காவல் துறை மூன்று முறை வர நேர்ந்தால் வாடகைதாரரை வெளியேற்ற வழிசெய்யும் விதி இருந்தது. எண்ணிக்கையில் இரைச்சல் என்றும் குடும்ப வன்முறை என்றும் பிரித்துப் பார்க்கப்படவில்லை. அடிபட்ட பெண் ஒருவர், வீடு பறிபோய்விடும் என்று பயந்து, கத்திக்குத்துப் பட்டபோதும் காவல் துறையை அழைக்கத் தயங்கும் நிலை வந்தது. 2013இல் அது வழக்காயிற்று. 2014இல் சமரசத்தின் பகுதியாக ஊர் நிர்வாகம் அந்த விதியைக் கைவிட்டது. ஆகவே, அழைப்புகளை எண்ணுங்கள் என்று நான் கேட்கும்போது வெறும் அழைப்புகளைச் சொல்லவில்லை. காவலர் நேரில் வந்து பார்த்து உறுதிசெய்த இரைச்சல் மீறல்களை மட்டும், வணிக நோக்கில் வாடகைக்கு விடப்படும் விழா இடங்களில் மட்டும் எண்ண வேண்டும். வேண்டாதவர் ஒருவர் நாலு தடவை பொய்யாக அழைத்து ஒரு மண்டபத்தை மூடவைக்கும் நிலையும் வரக் கூடாது.

எண்ணிக்கை கட்டடத்தின் பேரில் ஏறினால் மட்டுமே பயன் உண்டு. இப்போது மேலாளரைக் கேட்டால், "பார்ட்டிக்காரங்க கேக்க மாட்டேங்குறாங்க சார்" என்கிறார். விழா நடத்துகிறவரைக் கேட்டால், "மண்டபத்துல ஒண்ணும் சொல்லலையே" என்கிறார். ஒலி அமைப்பாளர், "அவங்க கூட்டச் சொன்னா கூட்டுவோம்" என்கிறார். மூவரும் சொல்வது உண்மை. ஆனால் இதே மண்டபங்கள் மற்ற எல்லாவற்றையும் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடுகின்றன என்பதைக் கல்யாணம் செய்த எவரும் அறிவார்கள். மின்சாரம் யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் மணிக்கணக்கு, சமையல் எரிவாயு உருளைக் கணக்கு, ஒரு நாற்காலி உடைந்தால், ஓர் அண்டா நெளிந்தால் முன்பணத்தில் பிடித்தம். பத்து மணிக்கு மேல் ஒலி எழுந்தால் முன்பணத்தில் இவ்வளவு போகும் என்று ரசீதில் ஒரு வரி சேர்ந்தால், டி.ஜே.யின் அருகே போய் நின்று "நிறுத்துப்பா" என்று சொல்ல மணப்பெண்ணின் அப்பாவே வருவார். அந்த வரியை உரிமையாளர் தாமாக எழுதமாட்டார். எழுதாவிட்டால் தமக்கு இழப்பு வரும் என்ற நிலையை நீங்கள் உண்டாக்க வேண்டும்.

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, துணைவிதிகள் இயற்ற மன்றத்துக்கு இடம் தருகிறது. வணிக உரிமம் தருவதும், கட்டட வரைபடத்தை ஒப்புவதும், சொத்துவரி வாங்குவதும் நீங்கள். தகரக் கூரை போட்ட அந்த மாடி ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்க்க உங்கள் அலுவலகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தால் போதும். அப்படியிருக்க, இது முழுக்கக் காவல் துறை விவகாரம் என்று ஒதுங்குவதை நாங்கள் ஏற்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

காவல் ஆணையர் அவர்கள், அவசர எண்ணுக்கு வரும் இரைச்சல் புகார்களை முகவரி வாரியாகப் பதிய ஆணையிட வேண்டும். ரோந்து செல்பவர் மீறலை உறுதிசெய்தால் அதை அங்கேயே இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றை மண்டபத்தில் கொடுத்து, மற்றதை நிலையத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்தப் பட்டியல் மாநகராட்சிக்குப் போக வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயர், வீடு, கைப்பேசி எண் ஆகியவற்றை மண்டபத்தாருக்குத் தெரியும்படி யாரும் பேசக் கூடாது என்பதை எழுத்து வடிவில் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். என் கேட்டை மறிக்கும் கார்களைப் பார்த்த பிறகு எங்கள் தெருவில் வேறு யாரும் 100க்கு அழைப்பதில்லை என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும்.

மாமன்றம், வாடகை விழாக் கூடங்களுக்கென ஒரு துணைவிதியை அடுத்த கூட்டத்திலேயே வரைவாக முன்வைக்க வேண்டும். உறுதியான முதல் மீறலுக்கு, மண்டப வாசலில் எல்லோரும் படிக்கும்படி தமிழில் அறிவிப்பு. ஆறு மாதத்துக்குள் இரண்டாவது என்றால், ரோந்து வருகைக்கான செலவும் அபராதமும் உரிமையாளரிடம். மூன்றாவதற்கு, அந்த வளாகத்தில் முப்பது நாளுக்கு ஒலிபெருக்கி அனுமதி நிறுத்தம். அதற்கு மேலும் தொடர்ந்தால் வணிக உரிமம் புதுப்பிக்கப்படாமை. அபராதத்தை விழா வீட்டாரின் முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்பது பதிவு ரசீதிலேயே அச்சிடப்பட வேண்டும். எந்தப் படியிலும், உரிமையாளர் தம் தரப்பைச் சொல்லவும் மேல்முறையீடு செய்யவும் வாய்ப்புத் தரப்பட வேண்டும். அவசர உதவிக்காகச் செய்யப்படும் அழைப்பு எதுவும் எண்ணிக்கையில் வரக் கூடாது.

திறந்த மாடிகளில் ஒலிபெருக்கி அனுமதியை இரவு 10 மணிக்கு முடிக்காமல், 9.30க்கே முடிக்க வேண்டும். பத்துக்கு முடிப்பது என்றால் நம் ஊரில் பதினொன்று. சப்-ஊஃபர் பெட்டிகளை மாடியில் வைக்கத் தடை வேண்டும்; மூடிய கூடங்களுக்குள் ஒலிக் கட்டுப்படுத்தி பொருத்தி முத்திரை வைத்த பிறகே உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

மாநகராட்சி ஆணையர் அவர்கள், எதிர்க் கட்டடத்தின் மாடிக் கூரைக்கு ஒப்புதல் உண்டா, இல்லையா என்பதை முப்பது நாளுக்குள் எழுத்து வடிவில் எங்கள் தெருவாசிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். முகவரியை இந்தப் பொது மடலில் குறிப்பிடவில்லை. அது தங்களிடம் நேரில் கொடுத்த மனுவிலும், அத்துடன் இணைத்த என் நோட்டின் 43 பக்க நகலிலும் இருக்கிறது. அந்த மனுவைக் கொடுத்து மூன்று வாரமாகிறது. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை எண்ணை இனியாவது வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வருகிற வைகாசி முகூர்த்தங்களுக்கு மண்டபத்தில் முன்பதிவு முடிந்துவிட்டதாக வாசல் பலகையில் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மாநகராட்சி எல்லைக்குள் வரி செலுத்திக் குடியிருக்கும் ஒரு லோகோ பைலட்